ஃபைபர் கிளாஸா, ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா, கார்பன் ஃபைபரா? ஷெல் (வெளி ஓடு) பாத்து ஹெல்மெட் வாங்கி அனுபவப்பட்டவங்க வாங்க

பல்சர்காரன்:
கார்பன் ஃபைபர்னு சொல்லி ஒரு கடைல 2,800 ரூவாக்கு குடுத்தான், நானும் சதுரம் சதுரமா அந்த டிசைன பாத்து மயங்கி வாங்கிட்டேன். மூணு மாசம் போச்சு. பெட்ரோல் பங்க்ல கழட்டி டேங்க் மேல வச்சா அங்க இருந்த பையன் உத்துப் பாத்துட்டு "அண்ணே, உங்க கார்பன் உரியுது"ங்கறான். நகத்தால கீறுனா பிலிம் அப்படியே தோலு மாதிரி கையோட வருது, உள்ள பளிச்னு வெள்ள பிளாஸ்டிக். பின்னாடி லைன்ல நின்ன அக்கா கூட சிரிச்சிட்டாங்க.

டொமினார்_திருச்சி:
என்னோடது ஒரிஜினல் ஃபைபர் கிளாஸ்தான். போன வருசம் உளுந்தூர்பேட்டை தாண்டி நாய் குறுக்க வந்து விழுந்தேன், ஹெல்மெட்ல ஒரு கீறல் அவ்ளோதான், பெயின்ட் அடிச்சா சரியாகிடும்னு நெனச்சேன். மச்சான் வாங்கிப் பாத்துட்டு அந்த எடத்துல கட்டவெரல வச்சு அமுக்குனான். அப்பளம் நொறுங்குற சத்தம். உள்ளுக்குள்ள லேயர் லேயரா விட்டுப்போச்சாம். இன்னும் அந்த சத்தம் காதுல இருக்கு. ஏபிஎஸ் வேணவே வேணாம்னு சொல்றவங்க ஃபைபரும் ஒரு அடிக்குதான்னு தெரிஞ்சுக்கங்க.

ஸ்ப்ளெண்டர்_அண்ணாச்சி:
டொமினார் தம்பி, எந்த ஷெல்லா இருந்தாலும் ஒரு அடிக்குதான்யா, அது என்ன ஃபைபர மட்டும் சொல்றீக? ஏபிஎஸ் வளைஞ்சு குடுக்கும், ஃபைபர் நொறுங்கி அடிய வாங்கிக்கும், மிச்ச அடிய வாங்குறது உள்ள இருக்க தெர்மாகோல். அது ஒருக்கா அமுங்குனா எந்திரிக்காது. ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 4151, அந்த டெஸ்ட் எல்லா ஷெல்லுக்கும் ஒண்ணுதான். நான் பாலிகார்பனேட்ங்கற பிளாஸ்டிக் ஹெல்மெட்ட பெட்ரோல் துணியால தொடச்சு மயிரு கனத்துக்கு விரிசல் விட்டு நாசமாக்குனவன், அதனால சொல்லுதேன், பெட்ரோல் தின்னர் பக்கம் கொண்டு போகாதீக, சோப்புத் தண்ணி போதும், கண்டத ஒட்டாதீக, மிரர்ல மாட்டாதீக, உள்ள தெர்மாகோல் குழி விழுந்துரும், ஸ்ட்ராப்ப போட்டுட்டு பின்னாலருந்து தூக்கிப் பாருங்க, கழண்டு வந்தா சைஸ் பெருசு. 2021 ஜூன்லருந்து ஐஎஸ்ஐ இல்லாம விக்கவே கூடாது, ஆனா ரோட்டோரத்துல அந்த முத்திரையயே ஸ்டிக்கரா அடிச்சு ஒட்டுறான்.

பல்சர்காரன்:
அண்ணாச்சி, என்னோடதுல கார்பனே ஸ்டிக்கர்ங்கறேன், நீங்க வேற. கார்பன்னா லேசா இருக்கணும்ல, நேத்து காய்கறிக்கடை தராசுல வச்சுப் பாத்தேன், ஒண்ணே முக்கால் கிலோ. கடைக்காரர் "பூசணியா தம்பி"ன்னாரு.