நாதஸ்வரம் பழகும் பிள்ளைக்கு எந்த உருப்படியைக் கேட்கக் கொடுப்பது?

கேள்வி: வயலின் ஆசிரியை, மருதனார்மடம்

வணக்கம். பன்னிரண்டு வயதான என் மருமகன் நாதஸ்வரம் பழகத் தொடங்கி நான்கு மாதங்களாகின்றன. மேல் ஷட்ஜத்தை (உச்ச ஸ்தாயியின் 'ஸ'வை) பிடிக்கும்போதெல்லாம் நாதம் கீச்சிட்டு உடைந்துவிடுவதால் மனம் சோர்ந்து, வாத்தியத்தைக் கையில் எடுக்கவே தயங்குகிறான். ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசை படியும்வரை வேறெதையும் வாசிக்கக் கூடாது என்பது அவனுடைய குருவின் கட்டளை. அதை நான் மதிக்கிறேன். ஆயினும், சிறுவயதில் வானொலியில் கேட்ட பாடல்களை ஒருவருக்கும் தெரியாமல் வாசித்துப் பார்த்த மகிழ்ச்சிதான் என்னை வயலினோடு இருத்தியது. மூச்சு வாத்தியத்துக்கு அது பொருந்துமா? நாதஸ்வரம், தவில் வாசிப்பவர்கள் தங்கள் மனதுக்கு நெருக்கமான உருப்படிகளையும் பழகிய கால நினைவுகளையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: நாதஸ்வரக் கலைஞர், அளவெட்டி

வணக்கம் ரீச்சர். நான் பழகத் தொடங்கியது 1991இல், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில். அப்பாவிடம் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம் பதிந்த கசெற் ஒன்று இருந்தது. விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் அதைக் கேட்போம். சுற்றுகிற கை தளர்ந்தால் தோடி முழுவதும் சுருதி இறங்கிப் போகும்; அண்ணா வந்து வேகமாகச் சுற்றினால் ஏறிவிடும். சுருதி விலகுவது எப்படியிருக்கும் என்பதை என் காது அந்த விறாந்தையில்தான் அறிந்துகொண்டது. இன்றும் எனக்கு முதலிடம் அந்தத் தோடிக்குத்தான்.

1995 ஒக்டோபரில் போரால் இடம்பெயர்ந்து, எங்கள் பகுதியான வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது, நாதஸ்வரத்தை அம்மாவின் சேலையில் சுற்றித் தோளில் சுமந்தேன். போய்ச் சேர்ந்தபோது, வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளி வெடித்திருந்தது. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வரவேண்டிய பொருள் அது. அங்கே எங்கே தேடுவது? ஐந்து மாதம் ஊத வழியின்றி, பெரியப்பாவின் முன்னால் இருந்து எல்லாவற்றையும் பாடியே பழகினேன். புதுச் சீவாளி கிடைத்து ஊதியபோது, முன்பு வராத பிடிகள்கூட (ராகத்தின் சிறு ஸ்வரத் தொடர்கள்) தாமாக வந்தன.

ஆகவே பிள்ளை பாட்டை ஊத வேண்டாம், பாடட்டும். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலம் வாசித்த ஆபேரி ராகப் பாடலைக் கேட்கக் கொடுங்கள். குரலும் நாதஸ்வரமும் ஒரே பிடியை மாறி மாறிச் சொல்வதால், பாடிப் பழக அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, சீவாளியைப் பாருங்கள். நாதஸ்வரத்தில் ஸ்வரங்களின் நுட்பமெல்லாம் விரலோடு மூச்சும் சீவாளியின்மேல் உதடு கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்து பிறப்பவை. தடித்த சீவாளியைச் சிறுபிள்ளை அடக்க முயன்றால் மேல் ஸ்தாயியில் கீச்சிடத்தான் செய்யும்.

பதில்: தவில் கலைஞர், இணுவில்

ரீச்சர், அளவெட்டித் தம்பி சொன்னது சரி; ஆனால் ஒலிப்பதிவு மட்டும் போதாது. மருமகனைத் திருவிழாவுக்குக் கூட்டிச் சென்று, சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளும்போது மேளத்தின் அருகில் நிற்க வையுங்கள். கம்பீர நாட்டை ராகத்தில், சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி தொடங்கி, சாகித்தியமே (பாட்டு வரிகளே) இல்லாமல் அதே உருப்படி காலம் (வேகம்) மாறி மாறி வரும்போது, பிள்ளையின் கால் தானாகத் தாளம் போடும். எங்கள் ஊரில் பிறந்து 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியை நான் சிறுவனாக அப்படி வீதியில் நின்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு, தவிலைத் தொட விடாமல் பலகையில் கழியால் தட்டிப் பழக வைத்த ஒரு வருடம் எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

பதில்: வாய்ப்பாட்டு ஆசிரியை, கோண்டாவில்

எதைக் கேட்கக் கொடுத்தாலும் குருவிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் செய்தால் பிள்ளை இருவருக்கும் நடுவில் நின்று தவிப்பான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சீவாளியைக் குருவிடம் காட்டினேன்; பெரியவர்கள் ஊதும் தடித்த சீவாளி என்று சொல்லி, வாத்தியத்தில் தொங்கிய மற்றச் சீவாளிகளில் மெல்லியதைத் தெரிந்தெடுத்து மாட்டிக் கொடுத்தார். பாடிப் பழகுவதற்கும் சம்மதித்தார். நேற்றிரவு மருமகன் அந்த ஆபேரியை என் வயலினோடு சேர்ந்து இரண்டு தடவை பாடினான்; மூன்றாவது தடவைக்கு அவனாகவே கேட்டான்.