செலினாவின் ஆல்பத்துக்கு 59 பிளாட்டினம்: இந்தக் கணக்கு எப்படி?

மாலைராகம்:
வணக்கம். டெக்சஸ் பாடகி செலினாவின் ‘ட்ரீமிங் ஆஃப் யூ’ ஆல்பம் அமெரிக்காவில் 59 மடங்கு பிளாட்டினம் என்ற விற்பனைச் சான்றிதழைப் பெற்றது என்று படித்தேன். ஒரு பிளாட்டினம் என்றால் பத்து லட்சம் பிரதிகள் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். அப்படியானால் விற்பனை ஐந்து கோடியே தொண்ணூறு லட்சம் ஆகிவிடுகிறது. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’கூட அந்த நாட்டில் அவ்வளவு விற்கவில்லையே? லத்தீன் ஆல்பங்களின் (பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் அமைந்தவை) விற்பனையை எதைக் கொண்டு அளப்பது என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தாளக்கட்டு:
குழப்பத்துக்குக் காரணம், ஒரே பெயரில் இரண்டு அளவுகோல்கள் இருப்பதுதான். அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கம், ஸ்பானிய மொழி இசைக்கென்று 2000இல் தனிச் சான்றிதழ் முறையைத் தொடங்கியது. அதில் பிளாட்டினத்துக்கு முதலில் 2,00,000 பிரதிகள் தேவைப்பட்டன. இப்போது 60,000 போதும். 59ஐ 60,000ஆல் பெருக்கிப் பாருங்கள், 35,40,000 வரும். அதிலும் எல்லாமே கடையில் விற்ற பிரதிகள் அல்ல. ஸ்ட்ரீமிங்கில் 1,500 முறை கேட்கப்பட்டால் ஓர் ஆல்பம் விற்றதாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இதனால் அந்த ஆல்பத்தின் பெருமை குறைந்துவிடாது. செலினா 1995 மார்ச் 31 அன்று, தம் 23ஆம் வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஆங்கிலத்தில் பாடி முடித்திருந்த பாடல்கள் சிலவே என்பதால், முன்பு வெளிவந்த ஸ்பானியப் பாடல்களையும் சேர்த்து ஜூலை 18 அன்று ஆல்பத்தை வெளியிட்டார்கள். முதல் வாரத்திலேயே 3,31,000 பிரதிகள் விற்று, பில்போர்டு இதழ் வாரந்தோறும் வெளியிடும் அமெரிக்க ஆல்பப் பட்டியலான பில்போர்டு 200இல் நேராக முதலிடத்தில் நுழைந்தது. 59 என்ற எண்ணைவிட இந்த ஒரு வாரக் கணக்கைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பழைய இசைத்தட்டு:
தாளக்கட்டு அவர்கள் சொன்னது சரி. பட்டியல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1991க்கு முன்பு கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டே பில்போர்டு வரிசைப்படுத்தியது. பிறகுதான் கல்லாவில் பட்டைக்குறியீட்டை வருடிப் பெற்ற எண்ணிக்கை வந்தது. அந்த முறையை ஒட்டி 1993 ஜூலையில் தொடங்கிய லத்தீன் ஆல்பப் பட்டியலில் முதன்முதலாக முதலிடம் பெற்றது பாடகி குளோரியா எஸ்தெஃபானின் ‘மி தியெர்ரா’. மொத்தம் 58 வாரங்கள் அது முதலிடத்தில் இருந்தது.

ஆனால் பட்டியலில் பெற்ற இடத்தை வைத்து மட்டும் விற்பனையை எடைபோட முடியாது. 1996 மார்ச்சில் கியூபாவின் ஹவானாவில் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த ‘புவேனா விஸ்தா சோஷியல் கிளப்’ பில்போர்டு 200இல் 80ஆம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. எண்பத்தெட்டு வயதான கொம்பாய் செகுந்தோவும், சொந்தமாகப் பியானோகூட இல்லாதிருந்த ரூபென் கொன்சாலெஸும் இசைத்த அந்த ஆல்பம், ஒரே வாரத்தில் பாய்ந்து விற்காமல் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விற்றே அமெரிக்காவில் பத்து லட்சத்தைத் தொட்டது.

கடலோரம்:
ஸ்ட்ரீமிங் காலத்தில் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. முழுவதும் ஸ்பானிய மொழியில் அமைந்து பில்போர்டு 200இல் முதலிடம் பிடித்த முதல் ஆல்பம், பாடகர் பேட் பன்னி 2020இல் வெளியிட்ட ‘எல் உல்திமோ டூர் டெல் முண்டோ’. 2022இல் அவருடைய ‘உன் வெரானோ சின் டி’ 13 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதை 1995இன் விற்பனையோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை; அன்று ஒருவர் காசு கொடுத்து ஒரு முறை வாங்கினார், இன்று அதே ஒருவர் நூறு முறை கேட்பதும் எண்ணிக்கையில் ஏறுகிறது.

மாலைராகம்:
மூவருக்கும் நன்றி. கடைசியாக ஓர் ஐயம்: கிட்டார் கலைஞர் சந்தானாவின் ‘சூப்பர்நேச்சுரல்’ ஆல்பம் இந்த வரிசையில் ஏன் இல்லை?

தாளக்கட்டு:
அதன் பாடல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. தாளம் லத்தீனாக இருந்தாலும், இந்தப் பட்டியல்கள் பார்ப்பது மொழியைத்தான். அந்த ஆல்பம் பெற்ற 15 பிளாட்டினம் நீங்கள் முதலில் நினைத்த அளவுகோலின்படி வந்தது. அதாவது ஒன்றரைக் கோடி.