பட்டாளத்து தாத்தா பத்தி ஒரு சின்ன புக்கு போடணும், மெடல் பத்தி தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?

அணைக்கட்டு பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா (அம்மாவோட அப்பா) போன ஆடியில தவறிட்டார். வேலூர் பக்கம் கிராமம், எங்க ஊர்ல பாதி வீட்ல பட்டாளத்துக்காரங்கதான். சீனா சண்டை முடிஞ்சு நிறைய ஆள் எடுத்தாங்கள்ல, அப்போ 1963-ல மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல சேர்ந்தவர், ஹவில்தாரா ரிட்டயர் ஆனார். வருஷ திதிக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு குடுக்குற மாதிரி அவரைப் பத்தி ஒரு சின்ன புக்கு போடலாம்னு நானும் தம்பியும் முடிவு பண்ணியிருக்கோம்.

பிரச்சனை என்னன்னா சண்டை பத்தி அவர் வாயே திறக்க மாட்டார். யாராவது கேட்டா "போனோம், வந்தோம்"னு சொல்லிட்டு மாட்டுக்கு தண்ணி காட்ட போயிடுவார். ட்ரங்கு பெட்டியில டிஸ்சார்ஜ் புக்கு இருக்கு, அதுல 16 மெட்ராஸ்னு (மெட்ராஸ் ரெஜிமெண்டோட 16-வது பட்டாலியன்) போட்டிருக்கு. பஸ்சிமி ஸ்டார்னு ஒரு மெடல், சங்ராம் மெடல்னு ஒண்ணு, அப்புறம் சைன்ய சேவா மெடல், அதோட ரிப்பன்ல ஜம்மு காஷ்மீர்னு ஒரு சின்ன பட்டை. பாட்டிக்கு அவர் போட்ட இன்லேண்ட் லெட்டர் ஒரு கட்டு இருக்கு, எல்லாத்துலயும் 56 ஏபிஓன்னுதான் (பட்டாளத்து தபால் ஆபீஸ் நம்பர்) அட்ரஸ், ஊர் பேரே கிடையாது. இதை வச்சு அவர் எங்கெங்க இருந்தார்னு கண்டுபிடிக்க முடியுமா?

எனக்கு தெரிஞ்ச தாத்தா வேற. காலைல நாலு மணிக்கு எழுந்து போர்வைய ஓரம் பிசகாம மடிச்சு வைப்பார், ஞாயித்துக்கிழமை எங்களுக்கு அவரே சப்பாத்தி போடுவார். ஊர்ல புருஷன் இல்லாத பட்டாளத்து வீட்டு பொம்பளைங்களுக்கு பென்ஷன் பேப்பர் எல்லாம் அவர்தான் எழுதிக் குடுப்பார், நவம்பர் வந்தா லைஃப் சர்டிபிகேட்டுக்கு அவங்கள பஸ்ல வேலூர் கூட்டிட்டு போவார்.

ரிட்டயர்டு சுபேதார்:
உங்க தாத்தாவுக்கு என் சல்யூட் மா. நானும் அதே ரெஜிமெண்ட்தான், ரொம்ப பின்னாடி சேர்ந்தவன்.

1971 டிசம்பர் 3 பாகிஸ்தான் சண்டை ஆரம்பிச்சப்போ மேற்கு எல்லையில இருந்தவங்களுக்கு குடுத்ததுதான் பஸ்சிமி ஸ்டார், கிழக்கே பங்களாதேஷ் பக்கம் போனவங்களுக்கு பூர்வி ஸ்டார். சங்ராம் மெடலும் அதே சண்டைக்குத்தான். சைன்ய சேவா பட்டைய பார்த்தா அவர் காஷ்மீர்லயும் டூட்டி பார்த்திருக்கார்.

16 மெட்ராஸ்ங்கிறது சாதாரண விஷயம் இல்லமா. அதே 71-ல நடந்த பசந்தர் சண்டையில இருந்த பட்டாலியன். ஷகர்கர் செக்டார்ல பசந்தர் ஆத்தை தாண்டி கண்ணிவெடி பூரா புதைச்சு வச்சிருந்தான் எதிரி, டிசம்பர் மாச குளிர்ல, ராத்திரில நம்ம ஆளுங்க அதை தாண்டிப் போய் லாலியால், சராஜ் சக்னு ரெண்டு இடத்தை புடிச்சாங்க, பக்கத்துல ஜர்பால்ங்கிற இடத்தை புடிச்சது 3 கிரெனடியர்ஸ்ங்கிற இன்னொரு பட்டாலியன். இஞ்சினியர்ஸ் வெடிய எடுத்து பாதை போட்டுக்கிட்டு இருக்கும்போதே, அது முழுசா முடியறதுக்குள்ள பூனா ஹார்ஸ்ங்கிற டாங்கி ரெஜிமெண்டோட டாங்கிங்க உள்ள வந்துடுச்சு. பரம்வீர் சக்ரா வாங்கின அருண் கேத்தர்பால் டிசம்பர் 16-ம் தேதி உயிர் விட்டது அங்கதான், வயசு 21. டிஸ்சார்ஜ் புக்குல 71-ல எந்த யூனிட்னு தேதி போட்டு இருக்கும், அதை முதல்ல பாருங்க, வேற பட்டாலியன்லேர்ந்து பின்னாடி மாறி வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு, உறுதி ஆகாம புக்குல போடாதீங்க.

மத்த விவரத்துக்கு வெலிங்டன்ல ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கு, ஆர்மி நம்பர், பாட்டியோட பிபிஓ (பென்ஷன் ஆர்டர்) காப்பி வச்சு பாட்டி கையெழுத்துலயே லெட்டர் எழுதுங்க. மெடலை புளி போட்டு தேய்ச்சுடாதீங்க, ஓரத்துல பொறிச்சிருக்க நம்பரும் பேரும் மழுங்கிடும்.

குடியாத்தம் மணி:
56 ஏபிஓன்னா ஊர் தெரியாதுங்க, அதுக்குத்தான் அந்த நம்பரே, பல இடத்துல உக்காந்து எழுதினாலும் அதே அட்ரஸ்தான். ஆனா லெட்டர் உள்ள பாருங்க. எங்க பெரியப்பா லெட்டர்ல "இங்க மூணு மாசமா வெயிலே பார்க்கல"ன்னு எழுதியிருந்தார், அதை வச்சே எந்த வருஷம் மலையில இருந்தார்னு புடிச்சோம். முத்திரையில தேதி தெரிஞ்சா வரிசையா அடுக்கிடுங்க, மணியார்டர் ரசீது இருந்தா அதையும்.

போளூர் டீச்சர்:
பசந்தர் எல்லாம் கண்டிப்பா போடணும், ஆனா எனக்கு கேட்டா நீங்க கடைசியா போற போக்குல எழுதினீங்களே பென்ஷன் பேப்பர், அதுதான் புக்குக்கு நடு. எங்க அப்பா சர்வீஸ்லயே போனவர், அம்மாவுக்கு எழுதப் படிக்க தெரியாது, பேர்ல ஒரு எழுத்து தப்புன்னு ஃபேமிலி பென்ஷன் இழுத்துக்கிட்டே கிடந்தது, உங்க தாத்தா மாதிரி ஒருத்தர் எங்க தெருவுல இருந்ததாலதான் நாங்க படிச்சோம். இன்னைக்கும் அவர் பேரை சொன்னா அம்மா எழுந்து நிப்பாங்க. அவர் வேலூர் கூட்டிட்டு போன அம்மாங்க எத்தனை பேர் இப்போ இருக்காங்கன்னு பாருங்க, ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. எல்லாருக்கும் வயசாகிடுச்சு, மெடல் காத்திருக்கும், அவங்கள முதல்ல பாருங்க. பாட்டியையும் உக்கார வச்சு கேளுங்க, 71 டிசம்பர்ல லெட்டர் வராம அவங்க இருந்த நாளுக்கு எந்த மெடலும் கிடையாது.

அணைக்கட்டு பொண்ணு:
சுபேதார் ஐயா, ரொம்ப நன்றி. டிஸ்சார்ஜ் புக்கை திரும்ப பார்த்தோம், 71 முழுக்க 16 மெட்ராஸ்தான். தம்பி அழுதுட்டான். டீச்சர், நீங்க சொன்ன மாதிரி நேத்து மேலத்தெருவுல ஒரு அம்மாகிட்ட போனோம், அவங்க வீட்டுக்காரரும் தாத்தாவும் ஒரே நாள் ஆள் எடுப்புல சேர்ந்தவங்களாம், அவர் திரும்பி வரல. "உங்க தாத்தா லீவுல வந்தா முதல்ல எங்க வீட்டு வாசல்லதான் பெட்டிய இறக்குவாரு, அப்புறம்தான் உங்க வீடு"ன்னு சொன்னாங்க. பாட்டிகிட்ட கேட்டா "ஆமா, நான்தான் அப்படி செய்யச் சொன்னேன்"ங்கிறாங்க! இத்தனை வருஷத்துல இது எங்க அம்மாவுக்கே தெரியாது.

இன்னும் பார்க்க வேண்டிய வீடு நிறைய இருக்கு. வெலிங்டன் லெட்டர்ல பாட்டி கையெழுத்து போட்டுட்டாங்க, நாளைக்கு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புறோம். குடியாத்தம் அண்ணா, முத்திரை அழிஞ்ச லெட்டர் கொஞ்சம் இருக்கு, அதை வரிசைப்படுத்த ஏதாவது வழி தெரிஞ்சா சொல்லுங்க.