மேப்பிள் சாற்றுக்குக் குழாய்: 5/16 அங்குலமா, 3/16 அங்குலமா?

வணக்கம். ஒன்ராறியோவில் எங்கள் காணியில் 150 மேப்பிள் மரங்கள் வரை நிற்கின்றன. இவ்வளவு காலமும் வாளிதான். வருகிற மார்ச்சுக்கு வெற்றிட பம்ப் பூட்ட யோசனை.

பிரதான குழாய் 3/4 அங்குலம், அதில் குழப்பமில்லை. மரங்களிலிருந்து அதற்குச் சாற்றைக் கொண்டுவரும் கிளைக் குழாய்தான் பிரச்சினை. நல்ல சரிவில் 3/16 என்றால் சாற்றின் பாரமே இழுத்துவிடும், பம்பே தேவையில்லை. ஆனால் சில பருவங்கள் போனதும் இணைப்புகளில் வழுவழுப்புப் படிந்து அடைக்குமாம். எங்கள் காணியோ பாதி தட்டை. அதனால் 5/16 என்று நினைக்கிறேன், சரியா?

அப்புறம், விறைப்பான ரகம் தொய்யாதுதான், ஆனால் குளிரில் அதைப் பொருத்துவதற்குள் விரல் போய்விடும். மரத்திலிருந்து கிளைக் குழாய்க்கு இறங்கும் துண்டுக்கு மட்டும் மென்மையானது போடலாமா?

500 அடிச் சுருள், உணவுத்தரத்தில், நியாயமான விலைக்கு எங்கே கிடைக்கும்? பாவித்தது விற்பவர்கள், அணில் கடித்த ஓட்டைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.