‘எ நம்பர் ஆஃப்’ வந்தாலே ‘இஸ்’ போடுகிறார்கள், எப்படிப் புரியவைப்பது?

திண்டுக்கல் பக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன், எல்லாரும் தமிழ் வழி, காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. ‘தி பாய் ரன்ஸ்’, ‘தி பாய்ஸ் ரன்’ வரை பிரச்சினையே இல்லை. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே இன்னொரு பெயர்ச்சொல் நுழைந்தால் போச்சு: ‘தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர் ஹெவி’ என்று எழுதுகிறார்கள், பக்கத்தில் இருக்கும் மாம்பழம்தான் கண்ணில் படுகிறது.

‘ஆஃப்’ தொடரை அடித்துவிட்டுப் படிக்கச் சொன்னேன், ஓரளவு பலித்தது. ஆனால் அதே வழியில் போய் ‘எ நம்பர் ஆஃப் பாய்ஸ்’ என்பதற்கும் ‘இஸ்’ போடுகிறார்கள், அங்கே ‘ஆர்’ வர வேண்டும். ‘தி நம்பர் ஆஃப் பாய்ஸ்’ என்றால்தான் ‘இஸ்’. எழுவாயை வட்டமிடச் சொல்லியும் பார்த்தாச்சு, ‘மாடுகள் மேய்கின்றன’ என்று தமிழோடு ஒப்பிட்டும் பார்த்தாச்சு (வீட்டில் ‘மாடுங்க மேயுது’ என்று பேசுகிறவர்களிடம் அது எடுபடவில்லை). விதியை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, பரீட்சை முடிந்ததும் பறந்துவிடும்.

அடித்துப் படிக்கும் வழியை விடாமலேயே ‘எ நம்பர் ஆஃப்’, ‘எ லாட் ஆஃப்’ போன்றவற்றை மட்டும் பிரித்துக் காட்ட, உங்கள் வகுப்பில் பலித்த பயிற்சி எது?