மறு: ஒரே செடியில் பல மரபணு – தமிழில் என்ன போடலாம்?

அவிநாசி:
வணக்கமுங்க. பருத்திக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2002இல் நம் நாட்டுக்கு வந்த பிடி பருத்தியில் (காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி பாக்டீரியா மரபணு சேர்த்த பருத்தி) கிரை1ஏசி என்ற மரபணு மட்டும். 2006இல் அனுமதி பெற்ற போல்கார்டு-2 என்னும் பிடி பருத்தியில் கிரை2ஏபி என்ற மரபணுவும் உண்டு. ஒரு நஞ்சுக்குப் புழு பழகினாலும் மற்றது கொல்லும் என்பது கணக்கு. இப்படிச் சேர்ப்பதற்கு ‘மரபணு அடுக்கல்’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானுங்களா?

கோபி:
அடுக்கு என்றால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது: ‘தீ தீ தீ’. அவசரத்தில் சொல்லும் விரைசொல் அடுக்குக்கு மூன்றே வரம்பு என்கிறது தொல்காப்பியம். நாலாவது மரபணுவை எங்கே வைப்பீர்கள்? தொடு, தொடர், மாலையைக் குறிக்கும் தொடலை, தொடையல் எல்லாம் ஒரே வேர். ‘மரபணுத் தொடுப்பு’ என்போம்.

பொள்ளாச்சி:
ஐயா, ‘தொடுப்பு’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நான் வகுப்பெடுக்க முடியாதுங்க. நம்ம பக்கம் அதற்கு என்ன பொருள் என்று தெரியாதவரா நீங்கள்? அடுக்குப்பானையில் ஒன்றில் பருப்பும் ஒன்றில் புளியும் இருக்கத்தானே செய்கிறது!

ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. தனித்தனிச் செடிகளில் இருக்கும் மரபணுக்களை இனக்கலப்பு செய்து கொண்டுவந்தால், அடுத்த தலைமுறையில் அவை பிரிந்துபோகலாம். வைட்டமின் ஏ சத்துக்காக மரபணு மாற்றிய பொன்னரிசியில் மக்காச்சோள மரபணுவும் பாக்டீரியா மரபணுவும் ஒரே டிஎன்ஏ துண்டில் போனதால் சேர்ந்தே கடந்துவரும். அங்கேயும் எல்லாவற்றுக்கும் ஒரே புரொமோட்டரை (மரபணுவை இயக்கிவிடும் டிஎன்ஏ பகுதி) வைத்தால் செடி சிலவற்றை அடக்கிவிடக்கூடும். இரண்டு முறைக்கும் ஒரே சொல் போதுமா?

கரூர்:
புரொமோட்டர் என்று எழுதிக்கொண்டு கலைச்சொல் பேசுகிறோம்! ‘அணு’வே வடமொழி. ஜீனுக்கு ‘மரபீனி’; ஆகவே ‘பன்மரபீனியாக்கம்’ என்க.

கோபி:
அணு தமிழே, ‘அண்’ என்னும் வேரில் பிறந்தது என்பது என் கட்சி. நாளை விரிவாக எழுதுகிறேன்.

தாராபுரம்:
விரிவாக வேண்டாமுங்க. பன்மரபீனியாக்கம் என்று விதைக்கடையில் கேட்டால் பூச்சிமருந்தை எடுத்துத் தருவார்கள். எங்க ஊரில் ‘ரெண்டு ஜீன் விதை’தான். அப்புறம், இளஞ்சிவப்புக் காய்ப்புழு இப்போது அந்த இரண்டுக்குமே பழகிவிட்டது. சொல் எதுவானாலும் அதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

அவிநாசி:
போட்டுவிடுகிறேனுங்க. நேரமில்லாததால் ‘மரபணு அடுக்கு’ என்றே போகட்டும். இனக்கலப்பில் சேர்ப்பதை ‘கலப்பு அடுக்கு’, ஒரே துண்டில் வைப்பதை ‘ஒருதுண்டு அடுக்கு’ என்கிறேன். பொள்ளாச்சி அம்மாவும் தாராபுரமும் சரி என்றுவிட்டார்கள்.

கோபி:
நான் சரி என்று சொல்லவில்லை. ‘தொடுப்பு’ வேண்டாமென்றால் ‘தொடையல்’ இருக்கிறதே, அதை யாருமே ஏன் கேட்கவில்லை?