காண்டாமிருக வண்டு பொடிப்பொடியா உதிருது, வழி சொல்லுங்க

மே லீவுல கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக பூச்சி மியூசியத்துக்கு குடும்பத்தோட போனோம், 2018ல திறந்தாங்களே அதுதான், அங்க ஊசி குத்தி வரிசையா வச்சிருந்த வண்டுங்கள பார்த்ததுல இருந்து பையனுக்கு ஒரே கிறுக்கு. எங்க தோப்புல தென்னமரத்தடியில செத்துக் கிடந்த காண்டாமிருக வண்ட, அதான் குருத்த குடைஞ்சு மரத்தையே கெடுக்குற அதே சனியன், எடுத்துட்டு வந்து ஒரு வாரம் நிழல்ல காயவச்சு தெர்மாகோல்ல குத்தி பிளாஸ்டிக் டப்பால வச்சோம்.

ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப மூணு வாரமா அடியில காபித்தூள் மாதிரி பொடி கொட்டுது, ஒரு கால் கழண்டு விழுந்துருச்சு, லென்ஸ் வச்சு பார்த்தா பாதி அரிசி சைஸுல முடி முடியா பழுப்பு புழு.

அந்துருண்டை போட்டேன், அசரல. வெயில்ல வச்சேன், நாலே நாள்ல மறுபடி பொடி. ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி வச்சதுக்கே அம்மா "ஐஸ்கிரீம் வைக்கிற எடத்துல பொணத்த வைக்கிறியா"ன்னு எடுத்து வெளிய வச்சுட்டாங்க. ஊரு பொள்ளாச்சி, மழை வேற, வீடெல்லாம் ஈரம்.

அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். புழுவும் முட்டையும் சேர்ந்து சாகணும்னா ஃப்ரீசர்ல எத்தன நாள் வைக்கணும்?